ஒன்றுமில்லை

ஓதம் வற்றக் காத்திருந்து
சேற்றில் ஒருக்களித்துச் சாய்கிறது எங்கள் படகு.
மழை. சிலோயே தீவுகளில் மழை ஒரு செய்தியே அல்ல.
டாக்டர் யஸ்னா விளக்கைப் பொருத்துகிறாள்,
நான் பதிவேட்டை விரிக்கிறேன்.
படகோட்டியும் நான்தான், எழுத்தரும் நான்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
தீவின் வாய்களெல்லாம் இந்தச் சின்ன அறையில் திறக்கின்றன.
ஆப்பிள் மணக்கும் வாய்,
விறகுப் புகை வாய்,
தினமும் இரண்டு வேளை துலக்குகிறேன் என்று
முதல் வேலையாகப் பொய் சொல்லும் வாய்.
அவள் எண் சொல்வாள், நான் எழுதுவேன்.
பதினாறு, நலம்.
இருபத்தாறு, நலம்.
முப்பத்தாறு, கரும்புள்ளி, கடுகளவு.
அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள்
அந்தக் கடுகைச் சுரண்டி அடைத்துவிடுவாள்.

ஹெர்மினா கார்க்கமோ மூன்று மணி நேரம்
துடுப்புப் போட்டு வந்தாள்.
பார்த்து முடித்து "ஒன்றுமில்லை" என்றாள் யஸ்னா.
"இதைக் கேட்கவா வந்தேன்!"
சிரித்தபோது முப்பத்தொன்றும் தெரிந்தன.
அந்த ஒன்று, இந்தப் படகு வராத காலத்தில் போனது.

எலியோதோரோ மட்டும் ஏற மாட்டான்.
கரையில் நின்று கையசைப்பான்:
"வலித்தால் வருகிறேன்!"
வலித்தபோது நாங்கள் நான்கு தீவு தள்ளி இருந்தோம்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான்,
கடித்ததும் அதே பல்லை.
பிறகு குறடு. இடப்பக்கம் இரண்டு,
அடுத்த குளிரில் இன்னொன்று.

முக்குளிப்பவன் அவன்.
மேலேயிருந்து இறங்கும் மஞ்சள் குழாயின்
ரப்பர் நுனியைக் கவ்வியபடி
பன்னிரண்டு பாகம் ஆழத்தில்
கடல்முள்ளெலி பொறுக்குவான்.
பல் போனால் சொல் போகும், சரி.
அவன் அதிகம் பேசுபவனும் இல்லை.
ஆனால் அவனுக்குப் பல் போனால் மூச்சு போகும்.

மார்ச்சில் ஒரு நாள் ரப்பர் வழுக்கியது.
பல் இல்லாத சந்து வழியே உப்புநீர் நுழைந்தது.
நீலம்பாரித்து மேலே வந்தான், கூடை இல்லாமல்.
இதை அவன் சொல்லவில்லை.
குழாயைப் பிடித்திருந்த மைத்துனன் சொன்னான்,
சொல்லும்போது கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த முறை நாங்கள் வந்தபோது
கரையேற்றிய தன் படகைக் கத்திக் கைப்பிடியால்
பலகை பலகையாகத் தட்டிக்கொண்டிருந்தான்.
முழங்கால் சேற்றில் யஸ்னா நடந்து போனாள்.
"என்ன தேடுகிறாய்?"
"மரப்புழு. வெளியே ஊசித்துளை, உள்ளே தேன்கூடு.
ஒழுக ஆரம்பித்த பிறகு பார்த்தால்
அது படகு இல்லை, விறகு."
சொன்னவன் தானே தட்டுவதை நிறுத்தினான்.
அவள் பதில் பேசவில்லை.
எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாற்காலியில் அவன் கை இரண்டும்
கடலின் அடியில் இருப்பதுபோல் எதையோ பற்றின.
கண்ணாடிக் காம்பால் அவள் தட்டினாள்.
டொக். டொக்.
நல்ல பலகையின் ஒலி எனக்குத் தெரியும்.
முப்பத்தேழில் மட்டும் அவள் நின்றாள்.
ஊசித்துளை.

அது நடந்து இரண்டு வருடம். இன்று நான்காம் முறை.
முப்பத்தேழு அடைப்போடு உறுதியாக இருக்கிறது.
அவன் பெயருக்கு நேரே
"ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.
ஒரு மூட்டை மட்டிகளை ஏணியடியில் இறக்கினான்.
"ஒன்றுமில்லாததற்கா இத்தனை?"
"அதற்குத்தான்."

ஓதம் ஏறுகிறது. கயிற்றை அவிழ்க்க எழுந்தேன்.
"எங்கே?" என்றாள், விளக்கை அணைக்காமல்.
பதினோரு வருடம் எல்லோர் வாயையும் எழுதியவன்
முதல்முறையாக மல்லாந்து படுக்கிறேன்.
கண்கூசும் வெளிச்சம். நாக்கோரம் சில்லென்று கண்ணாடி.
பென்சில் என் காதில் செருகியபடியே இருக்கிறது.
"பதினேழு..." என்று தொடங்குகிறாள்.
எழுத ஆள் இல்லை.